பன்னிரண்டடி மூன்றங்குலம்

உறிஞ்சுகுமிழ் கண்ணாடியில் நிற்கவே
மூன்று நாள் ஆயிற்று.
விழும்போதெல்லாம் அது
என் காப்பிக் கோப்பையைத்தான் குறிபார்த்தது.
வர்லின் எச்சில் தொட்டு அழுத்தினான்,
வினிகரில் துடைத்துப் பார்த்தான்.
கடைசியில் நெப்ராஸ்கா வெயில் ஏறிக்
கண்ணாடி சுட்டதும்
தானாக ஒட்டிக்கொண்டது.
பார்த்தாயா, என்றான்.

ஆண்குரலா பெண்குரலா என்று கேட்டது.
"இருக்கிற ஒருத்தி போதும்."
ஆண்குரலை வைத்தோம்.
நாங்கள் பியாட்ரிஸ் என்று நடுவில் அழுத்திச் சொல்லும் ஊரை
அந்த மனிதர் பீட்ரிஸ் என்றார்,
யாரோ ஒரு பெண்ணைப்
படியிறங்கி வரச் சொல்வதுபோல.

பிறகு சம்பந்தம் பேச வந்தவர்களைப்போல
வண்டியைப் பற்றி விசாரணை.
நீளம் எவ்வளவு, எடை எவ்வளவு,
கேஸ் சிலிண்டர் உண்டா, எத்தனை.
உயரம்?
"பதினொன்று நான்கு" என்றான்,
விற்பனைத் தாளை எடுக்காமலேயே.
முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன்.
வழி கேட்பதற்குக்
கடன் கேட்பதுபோல் கூசுகிறவன்.

நான் ஏணியில் ஏறினேன்.
கூரைமேல் சருகு, யாருடையதோ ஒரு டென்னிஸ் பந்து,
அவன் கணக்கில் வராத ஏ.சி. பெட்டி.
அதன் தலையில் பலகையைக் கிடத்தி
அளவு நாடாவை இறக்கினேன்.
"கீழே பிடி."
"பிடித்திருக்கிறேன்."
"தரையிலா, உன் பூட்ஸ் மேலா?"
பன்னிரண்டடி மூன்றங்குலம்.
டயரில் காற்று அதிகம் என்றான்.
மறுபடி அளந்தோம்.
நாடா சுருண்டு என் கட்டைவிரலைக் கடித்ததே தவிர
வண்டி குனியவில்லை.

கடைசிக் கேள்வி: வீடு எது?

வீட்டை மார்ச்சில் விற்றாயிற்று.
மகள் முகவரியைப் போடலாமா என்றேன்.
மருமகன் கராஜ் கதவை மூடுகிற முகம்
இவன் முகத்தில் வந்து போனது.
திரை இரண்டு முறை மங்கியது,
இரண்டு முறை தொட்டு எழுப்பினேன்.
பிறகு குப்காவின் டயர் கடையைப் போட்டோம்.
வண்டி அதிக இரவுகள் தங்கியது
அங்கேதான்.

அயோவாவில் மழை விட்ட ஒரு சாயங்காலம்
"வாய்ப்பு கிடைக்கும்போது திரும்பவும்" என்றார் அந்த மனிதர்.
எனக்குத் தெரியாத சாலையா, என்றான் வர்லின்.
தெரிந்ததுதான். எண்பத்தொன்பதில்
ஒரு சின்னக் காருக்குத் தெரிந்தது.
சோளக்காடு, தானியக் கிடங்கு, ஒரு வளைவு,
ரயில் பாலம்.
மஞ்சள் பலகையில் பதினொன்று எட்டு.
அதன் விளிம்பில்
முன்னே வந்த கூரைகளின் கீறல்கள்
ஒன்றின்மேல் ஒன்றாக, வெள்ளை வெள்ளையாக.

நிறுத்தினான்.
மழையே இல்லை, வைப்பர் துடைத்துக்கொண்டிருந்தது.
பின்னால் ஒரு பன்றி லாரி,
நூறு மூக்குகள் கம்பியில்.
நான் இறங்கிப் போய் லாரிக்காரரிடம் பேசினேன்.
தொப்பியைத் தூக்கிப் பாலத்தைப் பார்த்து,
வண்டியைப் பார்த்து,
"ஏ.சி. நல்ல ஏ.சி.யா?" என்றார்.
கால் மைல் பின்னோக்கி.
கண்ணாடியில் அவனுக்குத் தெரிந்தது
என் ஒரு கை மட்டும்.
கை சொன்னபடி வந்தான்,
அங்குலம் அங்குலமாக,
சேற்றில் ஒரு சக்கரம்கூட வைக்காமல்.
உள்ளே அந்த மனிதர்
தனியாகப் புது வழி கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

நெடுஞ்சாலை ஏறும்வரை பேச்சில்லை.
பிறகு,
"எத்தனை சொன்னாய், ஐடெல்லா?"
"பன்னிரண்டு மூன்று."
"எழுதி ஒட்டு."
மருந்துப் பிளாஸ்திரியில் எழுதி
ஸ்டீயரிங்குக்கு மேலே ஒட்டினேன்.

இரவு ஆற்றோர முகாமில் குளிர் இறங்கவும்
குமிழ் பிடிவிட்டு விழுந்தது.
கோப்பை காலியாகத்தான் இருந்தது.
விழுந்த அதிர்ச்சியில் விழித்து,
இருக்கைக்கு அடியிலிருந்து
இடப்பக்கம் திரும்பவும், என்றார்.

இருட்டில்
வர்லின்
இடப்பக்கம் புரண்டு படுத்தான்.